டெஸ்ட் எல்லாம் நார்மல்

சென்னீர்குப்பம்
25.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பானு எழுதறது. நீயும் மாமாவும் சௌக்கியமா? சிம்ரனுக்கு பெங்களூர் ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்குதா? இங்க சரண் நல்லா இருக்கான், சரண் அப்பாவும் நல்லா இருக்காரு. என்னைப் பத்தி அப்புறம் எழுதறேன், முதல்லயே எழுதினா நீ பாதியில மடிச்சு வெச்சிடுவ.

இந்தக் காலத்துல எவ லெட்டர் போடறான்னு கேப்ப. போன்ல கொஞ்ச நேரம் பேசினாலே மூச்சு வாங்குது, அன்னிக்கு முழுக்க ஆளு காலி. மெசேஜ் அடிக்கலாம்னா ஸ்கிரீனைப் பாத்ததும் கண்ணுக்குப் பின்னால வலிக்குது. பேனான்னா நாலு வரி எழுதிட்டுப் படுத்துக்கலாம். இதையே மூணு நாளா எழுதறேன்.

டிவியில மறுபடியும் கேஸ் ஏறுதுன்னு சொல்றாங்க, பாத்தியா? கேரளாவுல இவ்வளவு, சென்னையில இவ்வளவுன்னு கீழ ஓடிக்கிட்டே இருக்கு. எங்க ஜவுளிக்கடை முதலாளி ரகுநாதன் மறுநாளே வாசல்ல சானிடைசர் பாட்டில் வெச்சுட்டாரு. மாஸ்க் போடாம உள்ள வரக்கூடாதுன்னு எங்களுக்கு ஒரு வகுப்பே எடுத்தாரு. வரப்போற கொரோனாவுக்கு இவ்வளவு மரியாதை. ரெண்டு வருஷம் முன்னாடி வந்து என் உடம்பை விட்டுப் போகாம இருக்கே, அதைப் பத்தி வாயைத் திறந்தா மட்டும் "இன்னாமா, இன்னுமா அதையே சொல்லிக்கினு கீற" என்கிறாங்க.

அக்கா, நின்னா நெஞ்சு படபடன்னு அடிக்குது. படுத்தா அடங்குது. அரிசி களைஞ்சு உலையில போட்டுட்டுத் தரையில சாய்ஞ்சுடறேன். கடையில காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் நின்னபடியே சேலை விரிச்சுக் காட்டணும். ஒரு ஸ்டூல் குடுங்கன்னு கேட்டேன். சேல்ஸ் கேர்ள் ஒக்காந்தா வியாபாரமும் ஒக்காந்துடுமாம். ஈ.சி.ஜி., ரத்தம், எக்ஸ்ரே, எக்கோ, தைராய்டு எல்லாம் பாத்தாச்சு. டெஸ்ட் எல்லாம் நார்மல். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கினு வருது. சரண் அப்பா அந்த ரிப்போர்ட்டை வெச்சுக்கிட்டு, "அதான் ஒண்ணும் இல்லன்னு போட்டுக்கீதே, அப்புறம் இன்னாத்துக்குப் படுத்துனே கீற"ன்னு கேக்கறாரு.

நீயாவது பதில் எழுது. மாமாவை விசாரிச்சதா சொல்லு.

பானு


ஜபல்பூர்
8.6.2025

பானுவுக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

கடிதம் கிடைச்சது. கையால அட்ரஸ் எழுதின கவரைப் பாத்து எவ்வளவு நாளாச்சுன்னு போஸ்ட்மேன் சிரிச்சான். நாங்க நல்லா இருக்கோம். உன் மாமாவுக்கு ஃபேக்டரியில ஓவர்டைம் ஓடுது. வெயில் தாங்கல.

நான் சொல்றதைக் கோவிச்சுக்காம கேளு. எனக்கும்தான் வந்தது, உனக்கு முன்னாடியே. காய்ச்சல் மூணு நாள். நாலாம் நாள் எழுந்து பாத்திரம் தேய்ச்சேன், சாயந்திரம் டியூஷன் பசங்களுக்குக் கணக்கு சொல்லிக் குடுத்தேன். படுத்தா படுத்துக்கிட்டேதான் இருக்கணும். உடம்பு நாம சொல்றதைத்தான் கேக்கும். இத்தனை டாக்டர் நார்மல்னு சொன்ன பிறகும் இல்ல இல்லன்னு நிக்கறியே, உனக்கு என்னதான் வேணும்? நோய் இருக்குன்னு எழுதித் தரணுமா?

விடியக்காலைல எழுந்து பாரிவாக்கம் வரைக்கும் நடந்துட்டு வா. தினம் ஒரு நெல்லிக்காய் சாப்பிடு. ஸ்டூல் கேட்டு முதலாளிகிட்ட மல்லுக்கு நிக்காத, இருக்கற வேலையும் போயிடும். உன் வீட்டுக்காரர் வேம்புலி பாவம், லேத் பட்டறையில நின்னுட்டு வர்ற மனுஷன், வந்ததும் உன் மூஞ்சியைப் பாத்து அவரும் சோர்ந்து போறாரு.

எதிர் குவார்ட்டர்ஸ் சாவித்திரி பொண்ணுக்கு நிச்சயம் ஆயிடுச்சு. மாப்பிள்ளை நம்ம திருமுல்லைவாயில்தான். உலகம் எவ்வளவு சின்னது பாரு.

சரணுக்கு முத்தம்.

நாகவல்லி


சென்னீர்குப்பம்
22.6.2025

அக்காவுக்கு,

எல்லாரும் சுகம்தானே? எங்க சுகத்தைக் கேக்கறதா இருந்தா இதை முழுக்கப் படி.

நீ சொன்னியேன்னு பாரிவாக்கம் வரைக்கும் நடந்தேன். போயிட்டும் வந்துட்டேன். நீ ஜெயிச்சுட்டன்னு நினைச்சேன். மறுநாள் காலைல சீப்பைத் தூக்கித் தலை வார முடியல. அதுக்கடுத்த நாளும் அப்படித்தான். ரெண்டு நாளும் சரண் அப்பாதான் சமைச்சாரு, பாத்திரத்தை டமார் டமார்னு வெச்சபடியே. இனிமே எனக்கு நடக்கச் சொல்லி எழுதாத.

இன்னொண்ணு. கூட வேலை செய்யற ஜமீலா என்னை இழுத்துக்கிட்டு கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போனா. ஒரு லேடி டாக்டர், சின்ன வயசு. ஃபைலைப் பாத்துட்டு அவங்களும் நார்மல்னுதான் சொல்லப்போறாங்கன்னு நான் செருப்பை மாட்டிக்கத் தயாரா இருந்தேன். அவங்க என்னைப் படுக்க வெச்சு நாடி பாத்தாங்க. அப்புறம் நிக்க வெச்சு, நின்னபடியே மறுபடி மறுபடி பாத்தாங்க. நிக்க நிக்க துடிப்பு ஏறிக்கிட்டே போச்சு. "இது கொரோனாவுக்கு அப்புறம் சில பேருக்கு வருதும்மா. நீங்க கற்பனை பண்ணல" என்றாங்க. எனக்கு அழுகை வந்துடுச்சு. ஜமீலாவும் அழுதா, அவ எதுக்கு அழுதான்னு தெரியல.

உடனே குணமாகற மருந்து எதுவும் இல்லையாம். தாங்கற அளவுக்குத்தான் வேலை செய்யணும், நடுநடுவுல உக்காரணும், தண்ணியும் உப்பும் சேத்துக்கணும், முடியும்னு தோணற நாள்லயும் மிஞ்சிச் செய்யக்கூடாதுன்னு சொன்னாங்க. வேலையில உக்கார விடணும்னு சீட்டும் எழுதிக் குடுத்தாங்க.

சீட்டை முதலாளி படிச்சாரு, மடிச்சு டிராயர்ல போட்டாரு. கடையில நிக்கறவங்களுக்கு உக்கார இடம் தரணும்னு சட்டமே போட்டிருக்கே சார்னு கேட்டேன். "அதெல்லாம் லேபர் ஆபீசருங்க வர்ற அன்னிக்கு" என்றாரு. நிஜமாவே ஆபீசர் வந்த அன்னிக்கு ஸ்டூல் வந்தது. அவர் போன கையோட ஸ்டூலும் குடோனுக்குப் போயிடுச்சு.

இப்ப சொல்லு, இதெல்லாம் என் மனசுல வர்றதுதானா?

பானு


ஜபல்பூர்
10.7.2025

பானுவுக்கு,

நலம். நலம் அறிய ஆவல்.

டாக்டருங்க ஒருத்தர் ஒண்ணு சொல்வாங்க, இன்னொருத்தர் இன்னொண்ணு சொல்வாங்க. நாமதான் தைரியமா இருக்கணும். விடியக்காலைல எழுந்து பாரிவாக்கம் வரைக்கும் நடந்துட்டு வா. உடம்பு நாம சொல்றதைக் கேக்கும்.

டியூஷனை நிறுத்திட்டேன். வெயில்ல பசங்களை வெச்சுக்கிட்டு மாரடிக்க முடியல. இத்தனை வருஷம் சொல்லிக் குடுத்தது போதும்.

ஒரு சந்தோஷ சமாசாரம். எதிர் குவார்ட்டர்ஸ் சாவித்திரி பொண்ணுக்கு நிச்சயம் ஆயிடுச்சு. மாப்பிள்ளை யாரு தெரியுமா, நம்ம திருமுல்லைவாயில்.

வேம்புலியையும் சரணையும் கேட்டதா சொல்லு.

நாகவல்லி


சென்னீர்குப்பம்
3.8.2025

அக்கா,

நீ நல்லா இருக்கன்னு நம்பறேன். என் கடிதத்தைப் படிச்சியா, இல்ல பிரிக்காமலே பதில் போட்டியா? நடக்கச் சொல்லாதன்னு எழுதினவளுக்கு அதே பாரிவாக்கத்தை மறுபடியும் எழுதறியே. சாவித்திரி பொண்ணு நிச்சயத்தையும் ரெண்டாவது தடவை எழுதியிருக்க. எனக்கு வந்த கோவத்துல கடிதத்தை அரிசி மூட்டை மேல விட்டெறிஞ்சேன்.

சரி, இங்க நடந்ததைக் கேளு.

ஆடித் தள்ளுபடி. போன ஞாயித்துக்கிழமை கடையில கால் வைக்க இடமில்ல. மேல் தட்டுலேர்ந்து கட்டு எடுக்கக் கையைத் தூக்கினேன், கண்ணு இருட்டிக்கிச்சு. அவ்வளவுதான் தெரியும். முழிச்சுப் பாத்தா தரையில கிடக்கேன். சுத்தி யாருமில்ல. அவ்வளவு கூட்டமும் சுவரோரமா ஒதுங்கி நின்னு என்னைப் பாக்குது. நடுவுல நான், விரிச்ச சேலைங்க மேல. ஒரு அம்மா மூக்கை முந்தானையால மூடிக்கிட்டு, "கொரோனாதான், அதுக்குத்தான் மறுபடியும் ஏறுதுன்னு சொல்றான்"னு சொல்றது நல்லாக் கேட்டுது. எழுந்திருக்கணும்னு பாத்தேன். முடியல. தண்ணின்னு கேட்டேன். ஒருத்தர் பாட்டிலைத் தரையில வெச்சுக் காலால தள்ளி விட்டாரு.

ஜமீலா மாடியிலேர்ந்து ஓடி வந்து என் தலையை மடியில எடுத்து வெச்சுக்கிட்டா. அவதான் சரண் அப்பாவுக்குப் போன் பண்ணது.

அவரு வந்தாரு. அந்தக் கூட்டத்தைத் தாண்டி வந்து கத்தப்போறாருன்னு பயந்தேன். கத்தல. என் பக்கத்துல தரையில உக்காந்துட்டாரு. என் கையை எடுத்துத் தன் மடியில வெச்சுக்கிட்டு, எனக்கு மூச்சு சரியாகற வரைக்கும் அப்படியே இருந்தாரு. ஊட்டுக்கு வந்த பிறகுதான் கேட்டாரு: "தெனம் இப்படித்தான் இருக்குமா?" ஆமான்னேன். அதுக்கப்புறம் அவரு அந்த ரிப்போர்ட் ஃபைலைத் தொடவே இல்ல.

கொரோனா டெஸ்ட் எடுத்தாங்க. நெகட்டிவ். அதுவும் நார்மல். ஆனா முதலாளி கடை முழுக்க மருந்து அடிச்சு, பாதி நாள் வியாபாரம் போச்சுன்னு என்மேல எரிஞ்சு விழுந்து, ஆடி முடியற வரைக்கும் வராதன்னுட்டாரு.

இதுக்காவது ஒழுங்கா பதில் எழுது.

பானு


சென்னீர்குப்பம்
31.8.2025

அக்காவுக்கு,

சுகமா? ஆகஸ்ட் முழுக்க உன்கிட்டேர்ந்து ஒரு வரி இல்ல. மூச்சு போனாலும் போகுதுன்னு போன் பண்ணேன். மாமா எடுத்தாரு, நீ தூங்கறன்னாரு. மறுபடியும் பண்ணேன், மறுபடியும் தூங்கறியாம். பகல்ல தூங்கறவளைப் பாத்தாலே உனக்குப் பிடிக்காதே.

கோவமா இருந்தா திட்டி எழுது. திட்டு எனக்குப் பழகினதுதான்.

ஆடி முடிஞ்சதும் வேலைக்குத் திரும்பப் போயிட்டேன். சரண் அப்பா ஊட்டு ஸ்டூலை வண்டியில கட்டிக்கிட்டு வந்து கவுன்டருக்குப் பின்னால வெச்சாரு. முதலாளி எடுத்துட்டுப் போன்னாரு. அவரு எடுக்கல. "நான் போறேன் சார், அது இருக்கட்டும்"னு சொல்லிட்டு லேத்துக்குக் கிளம்பிட்டாரு. முதலாளி என்னை மொறைச்சாரு. அப்ப ஜமீலா, எனக்கும் கால் வலிக்குது சார்னு கேட்டா. அவளைப் பாத்து மத்தவங்களும் கேட்டாங்க. அன்னிக்குக் கடையில ஒரே சலசலப்பு. கடைசியில எங்க எல்லாருக்கும் சேத்து ஒரு பெஞ்சு வந்தது. அத்தனை பேருக்கு ஒரே பெஞ்சு. நோயைப் பத்திச் சொன்னப்போ கிடைக்கல, கால் வலின்னு கூட்டமா சொன்னதும் கிடைச்சது. எனக்குச் சிரிக்கறதா அழறதான்னு தெரியல.

இப்ப டிவியில கொரோனா நியூஸே காணோம். வாசல்ல சானிடைசர் பாட்டில் காலியாக் கிடக்குது, யாரும் ரொப்பல. எல்லாருக்கும் முடிஞ்சு போச்சு போல.

பதில் போடு அக்கா.

பானு


ஜபல்பூர்
9.9.2025

அன்புள்ள பானுவுக்கு,

கார்த்திகேசன் எழுதுவது. நீயும் வேம்புலியும் சரணும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இந்தக் கடிதம் உன் அக்காவுக்குத் தெரியாமல் எழுதப்படுகிறது.

போனில் உன்னிடம் பொய் சொன்னேன். அவள் தூங்கவில்லை, பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். பேச வேண்டாம் என்று கையைக் காட்டினாள். பேசினால் உனக்குத் தெரிந்துவிடும் என்று பயம்.

ஜூலைக் கடைசியில் மார்க்கெட்டுக்குப் போனவள் வீடு திரும்பவில்லை. பதினோரு வருடமாக நடக்கும் பாதை. குவார்ட்டர்ஸ் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால் எதற்குள் போவது என்று தெரியாமல் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். சாவித்திரிதான் பார்த்துக் கூட்டி வந்தார். அதற்கு முன்பே அடுப்பை அணைக்காமல் விடுவது, சொன்னதையே சொல்வது எல்லாம் இருந்தது. அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு சிறிது சிறிதாக வந்தது. வயசு என்றாள், வெயில் என்றாள். டியூஷன் நின்றதற்கும் அதுதான் காரணம். இங்கே ஸ்கேன் எடுத்தோம். எல்லாம் நார்மல் என்று கொடுத்துவிட்டார்கள். பெற்ற மகள் சிம்ரனுக்குக்கூடச் சொல்லவிடவில்லை.

உன் கடிதம் வரும்போதெல்லாம் கோபப்படுவாள். பிறகு தனியாக எடுத்துப் படிப்பாள். உனக்குப் பதில் எழுதுவதற்குள் பாதி நோட்டைக் கிழித்துப் போடுவாள், எங்கே நிறுத்தினோம் என்பது மறந்துவிடுகிறது. ஆகஸ்டு முழுவதும் உன் ஆடிக் கடிதத்துக்குப் பதில் எழுதிக்கொண்டேதான் இருந்தாள். ஒன்றுகூட முடியவில்லை.

எனக்கு மெஷின் ரிப்பேர் தெரியும். இது தெரியவில்லை. உன்னைப் பார்த்த அந்த டாக்டரம்மா என்ன சொன்னார் என்பதை விவரமாக எழுது.

உன் மாமா,
கார்த்திகேசன்


சென்னீர்குப்பம்
18.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கும் மாமாவுக்கும் உடம்பு எப்படி இருக்கு? உன்கிட்டேர்ந்து பதில் வரலன்னு கோவமா இருந்தேன். இப்ப இல்ல. மெதுவா எழுது, ரெண்டு வரி போதும்.

எனக்கு மூச்சு மட்டும் பிரச்சினை இல்ல அக்கா. மறதியும் இருக்கு. இதை உனக்கு இதுவரைக்கும் எழுதல. சரண் ஸ்கூல்ல எந்த செக்ஷன்னு கேட்டப்போ முழிச்சுக்கிட்டு நின்னேன். மீட்டர் கணக்குப் போட்டுத் துணி வெட்டும்போது கைக்குக் கத்திரிக்கோல் வந்தது, தலைக்குக் கணக்கு வரல. பைத்தியம் பிடிச்சுடுச்சோன்னு பயந்து போய் டாக்டரம்மாகிட்ட கேட்டேன். இதுவும் அதோட சேந்ததுதான், மார்கழிப் பனியில ரோடு தெரியாத மாதிரி, ரோடு எங்கயும் போகலன்னாங்க. ஸ்கேன்ல தெரியாதாம். வயசாலயும் இல்ல, புத்தி கெட்டதாலயும் இல்லையாம். ஒரு நேரத்துல ஒரு வேலை மட்டும் செய்யணும், களைச்சா நிறுத்தணும், எழுதி வெச்சுக்கறதுல வெக்கப்படக்கூடாதுன்னு சொன்னாங்க. எத்தனையோ பேர் இதையே சொல்லிக்கிட்டு வர்றாங்களாம்.

இதெல்லாம் உனக்கு எதுக்கு எழுதறேன்னா, சும்மாதான்.

தீபாவளி முடிஞ்சு இங்க வந்து கொஞ்ச நாள் இரேன். எனக்கு ஒத்தாசையா இருக்கும்.

பானு


ஜபல்பூர்
12.10.2025

பானு,

நல்லா இருக்கியா.

சும்மான்னு எழுதியிருக்க. நீ சும்மா எதுவும் எழுத மாட்ட. உன் மாமா எழுதிட்டாரு. நான் வாங்கி வெச்ச ஸ்டாம்ப்புல ஒண்ணு குறையுது. அடுப்பு மறந்து போகுது, அது மட்டும் மறக்கல.

சின்னச் சின்னதா எழுதறேன். அப்பதான் முடிக்க முடியுது.

ஏழெட்டு எவ்வளவுன்னு ஒரு பையன் கேட்டான். மூணாவது படிக்கிறவன். எனக்கு வரல. அவனே சொன்னான், அம்பத்தாறு டீச்சர்னு. சிரிக்கல அவன். பாவமாப் பாத்தான். மறுநாள் டியூஷன் இல்லன்னு சொல்லிட்டேன்.

உன் கடிதம் வந்தா எரிச்சலா வரும். இவ ஏன் இதையே எழுதறான்னு. உனக்கு இருக்கறது நிஜம்னா எனக்கு இருக்கறதும் நிஜம்னு ஆயிடும் பானு. அதான் உன்னை நடக்கச் சொன்னேன். நீ நடந்து சரியாயிட்டா நானும் சரியாயிடுவேன்னு.

நீ கடையில விழுந்ததைப் படிச்சேன். நிறைய தடவை படிச்சேன். ஒவ்வொரு தடவையும் புதுசாப் படிக்கிற மாதிரி இருந்தது. பாட்டிலைக் காலால தள்ளினவன் கிடைச்சா அவனை நான் சும்மா விட மாட்டேன்.

வரேன். மாமா கொண்டு வந்து விடுவாரு. தனியா வர பயமா இருக்கு.

அக்கா


சென்னீர்குப்பம்
30.11.2025

மாமாவுக்கு வணக்கம்.

ஜபல்பூர்ல குளிர் அதிகம்னு டிவியில சொன்னாங்க, ஸ்வெட்டரை வெளிய எடுத்தீங்களா? இங்க மழை விட்டு விட்டுப் பெய்யுது. நீங்க அக்காவை விட்டுட்டுப் போனதுலேர்ந்து ஊடு ரெண்டு பட்டுக் கிடக்குது. நான் படுத்தா ஏன் படுத்தன்னு வாய் வரைக்கும் வருது அவளுக்கு, அப்புறம் முழுங்கிக்கறா. அவ சொன்னதையே சொன்னா எனக்கும் எரிச்சல் வருது, நானும் முழுங்கிக்கறேன். சில நாள் ரெண்டு பேரும் முழுங்காமலே திட்டிக்கறோம். சரண் அப்பா நடுவுல டீ போட்டுக் குடுத்துட்டு வெளிய போயிடறாரு.

வியாழக்கிழமை ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வரிசையில எங்களுக்கு முன்னால இருந்த ஒருத்தர், கொரோனாவெல்லாம் எப்பவோ போயே போச்சும்மா, இன்னும் அதுக்கா வர்றீங்கன்னு கேட்டாரு. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அக்கா அவரைப் பாத்த பார்வை இருக்கே, மாமா, அந்த மனுஷன் வேற வரிசைக்குப் போயிட்டாரு.

டாக்டரம்மா அக்காவை ரொம்ப நேரம் பாத்தாங்க. வேற எதாவது காரணம் இருக்கான்னு சில டெஸ்ட் எழுதினாங்க. அதுவும் நார்மல்னு வந்தா பயப்படாதீங்க, அதுக்காக ஒண்ணும் இல்லன்னு அர்த்தம் கிடையாதுன்னு சொன்னாங்க. அக்கா ஒரே கேள்விதான் கேட்டா. "எப்பம்மா சரியாகும்?"

"தெரியலம்மா. நிறைய பேருக்குக் குறையுது. உங்களுக்கு எப்போன்னு என்னால சொல்ல முடியாது."

அக்கா அழுவான்னு நினைச்சேன். அழல. வெளிய வந்ததும், "தெரியலன்னு சொல்றதுக்கு இத்தனை வருஷம் ஒருத்தருக்கும் வாய் வரல பாரு" என்றா.

பஸ்ஸை விட்டு இறங்கி ஊட்டுக்கு நடந்தோம். மழைத் தண்ணி தேங்கி ரோடே மாறிப் போயிருந்தது. பை எல்லாத்தையும் அக்கா தூக்கிக்கிட்டா. வழியை நான் சொன்னேன். அவளுக்கு வழி தெரியல, எனக்கு மூச்சு இல்ல, ஆனா நகர்ந்துக்கிட்டுதான் இருந்தோம். பாதி தூரத்துல எனக்கு முடியல. மூடியிருந்த ஒரு கடைப் படியில உக்காந்தோம்.

அந்த வழியா எங்க தெரு அகல்யா வந்தாங்க. அக்காவைச் சின்ன வயசுலேர்ந்து தெரிஞ்சவங்க. இன்னா நாகு, நட்ட நடு ரோட்ல ரெண்டு பேரும் ஒக்காந்துனு கீறீங்க, இன்னா ஆச்சுன்னு கேட்டாங்க. நான் வழக்கம்போல ஒண்ணும் இல்லக்கான்னு சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் முழங்கால்ல கையை வெச்சு நிறுத்திட்டா.

"ஒடம்பு சரியில்ல அகல்யா. எனக்கும் சரியில்ல, இவளுக்கும் சரியில்ல. கொஞ்ச நேரம் ஒக்காந்துட்டுத்தான் போவோம்."

அதுக்கு மேல ஒரு விளக்கமும் சொல்லல. அகல்யா எங்க பக்கத்துல படியைத் துடைச்சு உக்காந்தாங்க.

அக்கா பொங்கல் வரைக்கும் இங்கதான் இருப்பா. சிம்ரனுக்கு நேத்து அவளே போன் பண்ணி எல்லாத்தையும் சொல்லிட்டா. நீங்க உடம்பைப் பாத்துக்கோங்க மாமா, நேரத்துக்குச் சாப்பிடுங்க.

உங்கள்
பானு